கடல் கடக்குமுன் கற்கும் மொழி

பிறநாடு செல்ல எண்ணுவோர் ஆயத்தஞ் செய்வன பல. பயணத்துக்கு வேண்டிய பொருள், பத்திரங்கள், அந்நாட்டுத் தட்பவெப்பத்துக்கு ஏற்ற உடை, அங்குள்ள அறிமுகமானோரின் முகவரி என்பன முன்கூட்டியே தேடப்படுகின்றன. மொழியைப் பற்றிய எண்ணம் பெரும்பாலும் இறுதியிலேயே எழுகின்றது. அவ்வாறு எழும்போதும், 'அந்த நாட்டு மொழியைக் கற்றல் வேண்டும்' என்று ஒருமையிற் சொல்லி அமைவதே வழக்கம். ஆயினும் உலகில் ஒரே மொழி வழங்கும் நாடுகள் மிகச் சிலவே. அரசாங்கக் கந்தோரில் ஒரு மொழியும், கடைத்தெருவில் வேறொரு மொழியும், அடுக்களையில் மற்றுமொரு மொழியும் வழங்குதல் பல நாடுகளின் இயல்பு. எனவே உண்மையான வினா, மொழி கற்பதா வேண்டாவா என்பதன்று. பலவற்றுள் எதனைக் கற்பது என்பதேயாம்.

இவ்வினா இக்காலத்தில் தோன்றியதன்று. ஈழநாட்டுக்கு வந்த பிறநாட்டார் ஒவ்வொருவரும் இதற்கு ஒரு விடை கண்டே வந்தனர். சிலர் வந்தபின் கண்டனர். காணத் தவறியோர் அதன் விலையைக் கொடுத்தனர். தமிழும் சிங்களமும் அடுத்தடுத்து வழங்கும் வன்னிநிலம் இவ்வரலாற்றுக்குச் சிறந்ததொரு சான்றிடம்.

கிளிநொச்சி மாவட்டத்தில், பரந்தனிலிருந்து முல்லைத்தீவை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்தது தர்மபுரம். காடு வெட்டிக் கழனியாக்கிய குடியேற்ற ஊர்களுள் இதுவும் ஒன்று. யாழ்ப்பாணத்தாரோடு, மலையகத் தோட்டங்களை விட்டு வந்த குடும்பங்களும் இப்பகுதி ஊர்களிற் குடியமர்ந்தன. 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்த போர் இவ்வூரையும் விட்டுவைக்கவில்லை. மக்கள் யாவரும் இடம்பெயர்ந்து, பின்னரே மீண்டனர். அதற்கு முன்னும் பின்னும் வன்னியிலிருந்து கடல் கடந்து சென்றோர் பலர். இன்று இச்சாலையோரத்து வீட்டுத் திண்ணைகளில், 'பிரெஞ்சு கற்பதா, ஜேர்மன் கற்பதா, ஆங்கிலமே போதுமா?' என்ற பேச்சு எழுதல் வியப்பன்று. வினாவுவோர் அறியாத செய்தி, தங்கள் வீட்டு வாயிலைச் சூழ்ந்த நிலத்திலேயே இவ்வினா பல நூற்றாண்டுகளாக வினவப்பட்டு வந்துள்ளது என்பதுதான்.

தமிழிலக்கியத்திலேயே இதற்கு ஒரு பழஞ்சான்று உண்டு. மணிமேகலைக் காப்பியத்திற் கூறப்படும் ஆதிரையின் கணவனாகிய சாதுவன், கலம் கவிழ்ந்து நாகர் வாழும் தீவிலே கரையொதுங்குகின்றான். நரமாமிசம் உண்ணும் அம்மக்கள் அவனைக் கொல்ல நெருங்குகையில், அவன் அவர்தம் மொழியிலேயே பேசுகின்றான். அம்மொழியை அவன் முன்னரே பிழையறக் கற்றிருந்தான் என்று காப்பியம் குறிப்பிடுகின்றது. அந்த மொழியே அவன் உயிரைக் காத்தது. அதுமட்டுமன்று, நாகர் தலைவனோடு அமர்ந்து அறம் உரையாடவும், கொலையும் கள்ளும் விலக்குமாறு அவனை இசைவிக்கவும், பரிசிலோடு புகார் நகர்க்கு மீளவும் அம்மொழியே வழிசெய்தது. வணிகன் ஒருவன் பெருநகரங்களின் மொழிகளை மாத்திரம் கற்றிருப்பின் இக்கதை கரையிலேயே முடிந்திருக்கும். கடலோடியொருவன் எந்தக் கரையில் ஒதுங்கக்கூடும் என்பதையும் எண்ணி மொழி கற்றல் வேண்டும் என்பது அக்காலத் தமிழர் அறிந்த உண்மை போலும்.

பயணத்துக்கு முன் மொழி கற்றலை ஓர் ஒழுங்குமுறையாகவே வகுத்தவர்கள் சீனத் துறவிகள். 399ஆம் ஆண்டிற் புறப்பட்ட பாகியான், பாடலிபுத்திரத்தில் மூன்றாண்டு தங்கி வடமொழியைப் பயின்று, அதன் பின்னரே இலங்கைக்கு வந்து இரண்டாண்டு உறைந்தார். அவருக்குப்பின் 671ஆம் ஆண்டிற் கடல்வழியே புறப்பட்ட இட்சிங், நேரே இந்தியாவுக்குச் செல்லவில்லை. சுமாத்திராவில் இருந்த ஸ்ரீவிஜய நகரில் ஆறு திங்கள் தங்கி வடமொழி இலக்கணம் பயின்றார். தாமிரலிப்தித் துறையை அடைந்த பின்னரும் ஏறக்குறைய ஓராண்டு மொழிப்பயிற்சியிலேயே கழித்தார். நாளந்தாவில் பத்தாண்டளவு கற்று மீண்டபோது அவர் பின்வருவோர்க்கு விட்டுச்சென்ற அறிவுரை, இந்தியா செல்ல விரும்பும் சீனத் துறவிகள் ஸ்ரீவிஜயத்தில் ஓரிரண்டு ஆண்டு தங்கிப் பயின்று செல்லுதல் நன்று என்பதாகும். இடைவழியில் ஒரு பள்ளி என்ற இக்கருத்து பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னரே தோன்றியது கருதத்தக்கது. எனினும் அவர்கள் கற்றது நூலின் மொழி. ஏட்டுச்சுவடிகளைத் தேடிச் சென்றோர்க்கு ஏட்டின் மொழியே போதுமாயிருந்தது. தேடும் பொருள் எதுவோ, கற்கும் மொழியும் அதுவாகும்.

ஈழத்துக்கு வருமுன்னரே மொழி தேர்ந்த செயலுக்குக் கல்லிற் பொறித்த சான்றும் உளது. 1911இல் காலி நகரிற் கண்டெடுக்கப்பட்டு, கொழும்பு நூதனசாலையில் வைக்கப்பட்டுள்ள மும்மொழிக் கல்வெட்டே அது. மிங் பேரரசரின் கடற்படைத் தலைவராகிய செங் ஹோ கொணர்ந்த இக்கல், 1409ஆம் ஆண்டு நாளிட்டுச் சீனநாட்டிலேயே ஆயத்தஞ் செய்யப்பட்டது. சீனமொழிப் பகுதி புத்தர்பிரானுக்கும், பாரசீகமொழிப் பகுதி அல்லாவுக்கும், தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனையிற் கோயில் கொண்ட தெனவரை நாயனாருக்கும் காணிக்கைகளை உரைக்கின்றன. ஈழத்தின் தென்கோடியில் நிறுவப்பட வேண்டிய கல்லிற் சிங்களம் இடம்பெறவில்லை. தமிழும் பாரசீகமும் இடம்பெற்றன. அக்காலத்தில் இந்துமாகடற் கரைகளில் வணிகம் நடந்த மொழிகள் இவை என்பதும், கப்பலில் வருவோன் முதலிற் சந்திப்பது வணிகனையே என்பதும் இதற்குக் காரணமாயிருத்தல் கூடும். துறைமுகத்தை நினைத்து மொழி தேர்ந்தவர்கள் துறைமுகத்தின் மொழியைத் தேர்ந்தனர். உள்நாட்டின் மொழி அவர்கள் கணக்கில் வரவில்லை. அச்சீனர்க்கும் உள்நாட்டு மன்னர்க்கும் இடையே பின்னர்ப் போர் மூண்டது வரலாறு. மொழிக்குறையே போருக்குக் காரணம் என்று சொல்லுதற்கில்லை; எனினும் கல்வெட்டு யாரோடு பேசியது, யாரோடு பேசவில்லை என்பது சிந்தனைக்குரியது.

பதினாறாம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயர் வந்தபோது இவ்வினா புதிய வடிவம் பெற்றது. 1542இல் முத்துக்குளித்துறையை அடைந்த பிரான்சிஸ் சவேரியார், செபங்களைத் தமிழிற் பெயர்ப்பித்து மனனஞ் செய்து மக்களுக்கு ஓதினார். ஒலி தமிழாயிருந்தது, ஆனால் மறுமொழி கேட்டால் உரையாடற்கு மொழிபெயர்ப்பாளரே வேண்டியிருந்தது. அவருக்குப்பின் அக்கரையிலே பணியாற்றிய ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் பாதிரியார் வேறு வழியை மேற்கொண்டார். தமிழை இலக்கணமுறையிற் கற்று, அதனைப் பிற பாதிரிமார்க்குக் கற்பித்தற்கென இலக்கணமும் எழுதினார். 1578இற் கொல்லத்தில் தமிழெழுத்தில் அச்சாகிய 'தம்பிரான் வணக்கம்' அவரது உழைப்பின் பயன். மனனஞ் செய்த மொழிக்கும் கற்ற மொழிக்கும் உள்ள வேறுபாட்டை இவ்விருவர் வரலாறும் காட்டும். முன்னது சொல்லுதற்கு உதவும். பின்னது கேட்டற்கும் உதவும்.

போர்த்துக்கேயரின் ஆட்சி ஈழத்தில் 1658இல் முடிவுற்றது. அவர்தம் மொழி முடிவுறவில்லை. சோழமண்டலக் கரையிலும் ஈழத்துத் துறைகளிலும், ஒல்லாந்தர் காலம் முழுவதும் கலப்புப் போர்த்துக்கேயமே பலமொழியாரும் கலந்து பேசும் பொதுமொழியாக நிலவிற்று. அலுமாரி, கதிரை, மேசை, பாண், சாவி என இன்றும் வீடுதோறும் வழங்கும் சொற்கள் அதன் எச்சங்கள். 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைப்பட்டபோது அங்கு வந்து, 1665வரை பணியாற்றிய பிலிப்பு பால்தேயஸ் பாதிரியார் போர்த்துக்கேயத்தைக் கையாண்டதோடு தமிழையும் பயின்றார். 1672இல் அம்ஸ்ரடாமில் அச்சிட்ட தமது பெருநூலிலே தமிழெழுத்தையும் இலக்கணத்தையும் ஐரோப்பியர்க்கு அறிமுகஞ் செய்தார். அடுத்த பயணி கப்பலேறுமுன் காணக்கூடிய தமிழ் அரிச்சுவடியாக அது அமைந்தது.

இத்தெரிவின் முழுச் சிக்கலையும் தம் வாழ்விற் கண்டவர் பர்த்தலோமேயு சீகன்பால்கு. ஜேர்மானியராகிய அவர் டென்மார்க்கு மன்னரின் ஆணைப்படி 1706ஆம் ஆண்டு யூலைத் திங்களிற் தரங்கம்பாடியில் இறங்கினார். கோட்டையினுள் வழங்கியது டேனிய மொழி. துறைமுகத்திலும் தெருவிலும் பலர்க்கும் விளங்கியது போர்த்துக்கேயம். கோட்டை மதிலுக்கு அப்பால் வாழ்ந்த மக்கள் பேசியது தமிழ். முதலில் அவர் போர்த்துக்கேயத்தையே கற்றார். அஃது எளிது, உடனே பயன் தந்தது. ஆயினும் அம்மொழி தம்மை வேலையாட்களிடமும் தரகரிடமும் மாத்திரமே கொண்டுசெல்லும், மக்களின் எண்ணத்துள் கொண்டுசெல்லாது என்பதை விரைவில் உணர்ந்தார். திண்ணைப்பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து மணலிலே விரலால் எழுதித் தமிழெழுத்தைப் பயின்றார் என்பது அறிஞர் பலரும் எடுத்துக்காட்டும் செய்தி. பின்னர்த் தமிழ்ச் சுவடிகளைத் தேடித் தொகுத்தார். புதிய ஏற்பாட்டைத் தமிழிற் பெயர்த்து அச்சிட்டார். 1719இல் மறையும்போது அவர் வயது 36. பொதுமொழியைப் படியாகக் கொண்டு மக்கள் மொழியாகிய மாடத்தை ஏறிய முறை இது. படியை இகழ்தல் தகாது. படியிலேயே நின்றுவிடுதலும் தகாது.

ஒரு நாட்டில் ஒரு மொழியைச் செவ்வனே கற்றும், மற்றையதை அறியாமையால் நேரும் இடரை வன்னியின் தென்னெல்லையிலேயே கண்டவர் றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர். 1660இற் கொட்டியாரத் துறையருகே கண்டி மன்னரின் ஆட்களாற் சிறைப்பட்ட அவர், பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் மலைநாட்டில் வாழ்ந்தார். சிங்களத்தை அவர் தேர்ந்து கற்கவில்லை, வாழ்க்கையே கற்பித்தது. 1679இல் தப்பியோடி அநுராதபுரப் பகுதியை அடைந்தபோது அவரும் தோழரும் எதிர்ப்பட்டது தமிழ் பேசும் மக்களை. அவர்கட்குச் சிங்களம் விளங்கவில்லை; இவர்கட்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியவில்லை. சிங்களம் அறிந்த ஒருவர் வரும்வரை இருசாராரும் ஒருவரையொருவர் பார்த்து நின்றனர் என்பதை நொக்ஸ் 1681இல் வெளியிட்ட தமது நூலிற் குறித்துள்ளார். அங்கிருந்து மல்வத்து ஓயாவின் கரைவழியே சென்று அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். இருபதாண்டளவு ஒரு தீவிலே வாழ்ந்தவர், அத்தீவின் மற்றொரு பகுதியில் ஊமைபோல் நின்ற அக்காட்சி இன்றும் பொருளுடையது. 'இலங்கையின் மொழியைக் கற்றேன்' என்று சொல்லக்கூடிய நிலையிலிருந்த ஒருவர்க்கு, இலங்கையின் மொழி ஒன்றன்று என்பதை வன்னியின் வாயில் உணர்த்திற்று.

கப்பலேறுமுன் மொழியைத் தேர்ந்தோர் வரலாற்றில் 1814ஆம் ஆண்டு தனிச்சிறப்புடையது. வெஸ்லியன் சபையைச் சேர்ந்த தோமஸ் கோக் என்னும் முதியவர், இளைஞர் சிலரை அழைத்துக்கொண்டு இலங்கைக்குப் புறப்பட்டார். இலங்கையிற் போர்த்துக்கேயம் பரவலாக விளங்கும் என்ற எண்ணத்தால் அவர் அம்மொழியையே பயின்றார். கப்பலிலும் நாடோறும் அதனையே எழுதியும் பெயர்த்தும் வந்தார். ஆனால் அவர் தாம் பயின்ற மொழியைக் கரையிற் பேசும் பேறு பெறவில்லை. 1814 மே 3ஆம் நாள் இந்துமாகடலிலே, தமது 66ஆம் வயதில், கப்பலறையில் உயிர் நீத்தார். எஞ்சியோர் யூன் திங்கள் இறுதியிற் காலித்துறையை அடைந்தனர். அங்கு அவர்கள் தத்தமக்குரிய இடங்களை வாக்குச்சீட்டு முறையால் தீர்மானித்துக்கொண்டனர். லிஞ்சு, ஸ்குவான்ஸ் என்னும் இருவர்க்கு யாழ்ப்பாணமும், ஓல்ற் என்பவர்க்கு மட்டக்களப்பும், எர்ஸ்கின் என்பவர்க்கு மாத்தறையும், பெஞ்சமின் குளோவ் என்பவர்க்குக் காலியும் அமைந்தன.

இடத்தைக் குறித்த அச்சீட்டு, அவரவர் கற்க வேண்டிய மொழியையும் குறித்தது. காலியிலே தங்கிய குளோவ் சிங்களம் கற்று, 1821இல் ஆங்கில-சிங்கள அகராதியையும், 1830இற் சிங்கள-ஆங்கில அகராதியையும் வெளியிட்டார். அவர் சீட்டு யாழ்ப்பாணத்துக்கு விழுந்திருப்பின் அதே உழைப்பு தமிழுக்குக் கிடைத்திருக்கும். மட்டக்களப்புக்குச் சென்ற ஓல்ற் அடுத்த ஆண்டிலேயே மறைந்தார். வடக்கே சென்றோர் மொழிபெயர்ப்பாளர் துணையோடு தொடங்கினர். கோக் கருதியது முற்றும் பிழையன்று. போர்த்துக்கேயம் பேசுவோர் அன்றும் நகர்களில் இருந்தனர். ஆயின் நகரெல்லை கடந்த நாடு முழுவதும் தமிழாகவோ சிங்களமாகவோ இருந்தது. பழைய நூல்களும் பழைய பயணிகளும் தந்த செய்தியைக்கொண்டு மொழி தேர்வோர்க்கு இஃதோர் எச்சரிக்கை.

இடத்தை முதலில் உறுதிசெய்து, மொழியை அதன்பின் முழுமையாகக் கற்றோர் அடைந்த பயனைப் பின்வந்தோர் வாழ்வு காட்டும். 1826இல் யாழ்ப்பாணம் வந்த பீற்றர் பேர்சிவல், ஆறுமுக நாவலரைத் துணையாகக் கொண்டு விவிலியத்தைத் தமிழிற் பெயர்த்தார். அதனினும் இங்குக் கருதத்தக்கது அவர் பழமொழிகளைத் தொகுத்த செயல். 1874இல் வெளிவந்த பதிப்பில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பழமொழிகள் இடம்பெற்றன. பழமொழி இலக்கண நூலிற் கிடைப்பதன்று. கிணற்றடியிலும் களத்துமேட்டிலும் செவிகொடுத்தோர்க்கே கிடைப்பது. 1816இல் வந்த அமெரிக்க மிஷனைச் சேர்ந்தோரும் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் தங்கித் தமிழ் பயின்றனர். அவ்வழி வந்த வின்சுலோ 1862இல் 67,000க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட அகராதியை வெளியிட்டார். 1847இல் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன், முதலில் ஆங்கிலத்தில் மருத்துவங் கற்பித்துப் பின் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். மேனாட்டு மருத்துவ நூல்கள் தமிழில் வந்தன. நோயாளி தன் நோவைச் சொல்லும் மொழி எதுவோ அதுவே மருத்துவனின் மொழியாதல் வேண்டும் என்பதற்கு இதனின் மேலான சான்று வேண்டுவதில்லை.

இவற்றுக்கு மறுதலையான மொழிக்கல்வியும் ஈழத்தில் நடந்தது. அதன் நினைவு தர்மபுரம் போன்ற ஊர்களிற் குடியேறிய மலையகக் குடும்பங்களின் முன்னோரோடு தொடர்புடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் மேற்பார்வையாளராக வந்த ஆங்கிலேய இளைஞர், மலைநாட்டைச் சூழ்ந்த சிங்களக் கிராமங்களின் மொழியைக் கற்கவில்லை. தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளரின் தமிழையே கற்றனர். அவர்கள் பயனுக்கெனக் கொழும்பில் அச்சாகிய சிறு கைந்நூலொன்றின் பெயர் 'இங்கே வா' என்பது. அப்பெயரே அக்கல்வியின் தன்மையை விளக்கப் போதுமானது. வா, போ, எடு, வெட்டு, கொழுந்து பறி என ஏவல் வினைகளால் நிறைந்த தமிழ் அது. மொழித் தெரிவு சரியானதே. யாரோடு வாழ்கின்றாரோ அவர் மொழியையே கற்றனர். ஆனால் ஏவுதற்கு வேண்டிய அளவோடு கல்வி நின்றது. நன்றி சொல்லவும், நலம் உசாவவும், துயர் கேட்கவும் வேண்டிய சொற்கள் அதில் முதன்மை பெறவில்லை. மொழியைச் சரியாகத் தேர்ந்தும் அதன் ஒரு முகத்தை மாத்திரம் கற்றோர், அம்மொழி பேசும் மக்களை அறிந்தோராகார்.

ஆட்சிப்பணிக்கு வந்த ஆங்கிலேயர் நிலை வேறு. இலங்கை நிருவாக சேவையிற் சேர்வோர் உள்நாட்டு மொழியிலே தேர்வெழுதித் தேறல் வேண்டும் என்ற விதி இருந்தது. ஆயின் தமிழா சிங்களமா என்பதை நியமனமே முடிவுசெய்தது. 1904ஆம் ஆண்டு திசெம்பரில் கொழும்பில் இறங்கிய லெனாட் வுல்ப் என்னும் இளைஞர் வோல்ற்றயரின் நூல்கள் தொண்ணூறு தொகுதிகளைக் கொண்டுவந்தார். தாம் ஆளப்போகும் மக்களின் மொழியைக் கொண்டுவரவில்லை. கொழும்பிலே யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்ட பின்னரே தமது மொழி தமிழ் என்பது அவருக்குத் தெரியவந்தது. அக்காலத்தில் வடபகுதிப் புகைவண்டிப் பாதை முற்றுப்பெறவில்லை. அநுராதபுரம் வரை புகைவண்டியிலும், அங்கிருந்து ஆனையிறவு வரை தபால் வண்டியெனப் பெயர்பெற்ற மாட்டுவண்டியிலும், வன்னிக் காட்டினூடே தபாற் பைகளின்மேற் கிடந்து பயணஞ் செய்தார். தமிழ் ஒலியைச் செவியாற் கேட்டும் பொருள் விளங்காது கடந்த அவ்வழியில்தான் மாங்குளமும் கிளிநொச்சியும் அமைந்துள்ளன. யாழ்ப்பாணத்திற் தமிழ் கற்ற அவர் 1907இற் கண்டிக்கும், 1908இல் அம்பாந்தோட்டைக்கும் மாற்றப்பட்டபோது சிங்களமும் கற்க நேர்ந்தது. 1913இல் அவர் வெளியிட்ட, காட்டுக் கிராமமொன்றைப் பற்றிய நாவல் சிங்கள உழவர் வாழ்வை உள்ளிருந்து நோக்கி எழுதிய நூல். தேர்வுக்காகத் தொடங்கிய மொழிக்கல்வி, பிறர் துன்பத்தைத் தன் துன்பமாக உணரும் நிலைக்கு அவரைக் கொண்டுசென்றது.

வன்னி மாவட்டங்களைப் பற்றி 1895இற் கைந்நூலொன்றைத் தொகுத்த ஜே. பி. லூயிஸ் என்னும் அதிகாரியும் இங்கு நினைவுகூரத்தக்கவர். குளங்களின் பெயர், ஊர்களின் பெயர், உழவர் வழக்கம் என்பவற்றை அவர் பதிந்துவைத்தமையாலன்றோ பிற்காலத்தார் பழைய வன்னியை அறிய முடிகின்றது! சூடடிக்கும் களத்தில் நெல்லை நெல்லென்னாது பொலியென்று சொல்லும் நுட்பங்கள் கந்தோர் மேசையிலிருந்து கற்கக்கூடியன அல்ல.

ஈழத்துக்கு வந்தோர் நிலை இதுவாக, ஈழத்திலிருந்து சென்றோர் நிலை யாது? 1980கள் தொட்டுப் போரினால் வெளியேறிய தமிழர்க்கு மொழியைத் தேரும் வாய்ப்பே அரிதாயிற்று. சுவிற்சலாந்திற் புகலிடங் கோரியோரை அந்நாட்டரசு கன்ரன் என்னும் மாநிலங்களுக்குப் பகிர்ந்தனுப்பியது. சூரிச்சுக்கு அனுப்பப்பட்டவர் ஜேர்மனையும், லோசானுக்கு அனுப்பப்பட்டவர் பிரெஞ்சையும், தெற்கே திச்சினோவுக்கு அனுப்பப்பட்டவர் இத்தாலியத்தையும் கற்றனர். 1814இற் காலியில் எடுத்த சீட்டைப்போன்றதே இதுவும். ஜேர்மன் கற்றோர்க்கு மற்றொரு வியப்பும் காத்திருந்தது: வகுப்பிற் கற்ற மொழி வேறு, தெருவில் வழங்கும் சுவிஸ் பேச்சுமொழி வேறு. செந்தமிழையும் கொடுந்தமிழையும் ஒருங்கே அறிந்த தமிழர்க்கு இந்நிலை விளங்காத ஒன்றன்று. கனடாவுக்குச் சென்றோருள் மொன்றியலில் தங்கியோர், 1977ஆம் ஆண்டுச் சட்டத்தின்படித் தம் மக்களைப் பிரெஞ்சுப் பள்ளிக்கே அனுப்ப வேண்டியவராயினர். ஒரே நாட்டிலே ரொறன்ரோவுக்குச் சென்ற உறவினர் மக்கள் ஆங்கிலத்திற் கற்றனர். ஒரு பாட்டியின் பேரப்பிள்ளைகள் கூடும்போது தமிழ் ஒன்றே அவர்க்குப் பொதுமொழியாய் எஞ்சுதலும், அதுவும் சிலரிடம் தேய்ந்துபோதலும் இத்தெரிவின் விளைவுகள்.

தேர்ந்து செல்லும் வாய்ப்புடையோர் நிலை இன்று சிறிது மேம்பட்டுள்ளது. 2004இல் தொடங்கிய தென்கொரியத் தொழில் அனுமதி முறையின்கீழ்ச் செல்வோர், கொரிய மொழித் தேர்விற் தேறிய பின்னரே பெயர் பதிய முடியும். இங்கு மொழி வாயிலாகவே அமைகின்றது. வளைகுடா நாடுகளுக்குச் செல்வோர் நிலையில் அரபு மொழியின் சில சொற்கள் முன்கூட்டியே கற்பிக்கப்படுகின்றன. ஆனால் அவை பெரும்பாலும் ஏவல் கேட்டற்கு வேண்டிய சொற்கள். 'இங்கே வா' என்னும் கைந்நூலை மறுபுறமாகத் திருப்பிப் படிப்பதுபோன்றது இது. வேலை செய்யச் செல்வோர்க்கு ஏவலை விளங்கிக்கொள்ளும் சொற்களோடு, 'என் சம்பளம் எங்கே?', 'எனக்கு நோய்', 'இதற்கு நான் இசையேன்' என்று சொல்லும் சொற்களும் வேண்டும். உரிமையைக் கேட்கும் வாக்கியம் தெரியாதவர்க்கு உடன்படிக்கைத் தாளும் உதவாது.

ஆங்கிலமே போதும் என்பார் கூற்றையும் ஆராய்தல் வேண்டும். இன்று உலகெங்கும் ஆங்கிலம் பெற்றுள்ள இடத்தை, இந்துமாகடற் கரைகளில் ஒருகாலத்திற் போர்த்துக்கேயம் பெற்றிருந்தது. அஃது எளிதாகக் கைகொடுத்தது. துறைமுகத்தைக் கடக்க உதவிற்று. அதனோடு அமைந்தோர் துறைமுகத்தோடே அமைந்தனர். ஆங்கிலத்தை வேண்டாமென்பது பேதைமை. அது விமான நிலையத்தையும் பல்கலைக்கழக வாயிலையும் கடக்க உதவும். பக்கத்து வீட்டாரின் வாயிலைக் கடத்தற்கு அவ்வீட்டு மொழியே வேண்டும்.

இவ்வரலாற்றினின்றும் பெறப்படும் உண்மைகள் சில. முதலாவது, நாட்டைக்கொண்டு மொழி தேர்தல் போதாது. இறங்கும் ஊரையும் அங்கே கூடிவாழப் போகும் மக்களையும் கொண்டு தேர்தல் வேண்டும். இரண்டாவது, எத்துணைக் காலம் தங்குவது என்பதைப் பொறுத்துக் கல்வியின் ஆழம் அமையும். சில திங்கள் தங்குவோர்க்குப் பொதுமொழி போதுமாகலாம். மக்களைப் பெற்று வளர்க்கப் போவோர்க்கு அது போதாது. மூன்றாவது, பழைய செய்தியை நம்பாது, அவ்வூரில் இன்று வாழ்வோரிடம் உசாவுதல் வேண்டும். நான்காவது, ஏவவும் ஏவல் கேட்கவும் மாத்திரமன்றி, வினாவவும் மறுக்கவும் நன்றி கூறவும் வேண்டிய சொற்களை முதலிற் கற்றல் வேண்டும்.

கடல் கடந்த மொழிகளைப் பற்றிப் பேசுங்கால், கடல் கடவாத மொழியொன்றும் நினைவுக்கு வருதல் இயல்பு. 1956ஆம் ஆண்டுச் சட்டம் சிங்களம் ஒன்றையே அரசகரும மொழியாக்கியது. 1987ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தத்தினால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. 2007 யூலை முதல் அரசசேவையிற் சேர்வோர் மற்றைய அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெறல் வேண்டும் என விதிக்கப்பட்டது. சட்டத்தாற் கற்பது வேறு. அயலாரை அறியக் கற்பது வேறு. நொக்ஸ் அநுராதபுரத்தருகே ஊமையாய் நின்ற நிலை, வவுனியாவுக்குத் தெற்கிலும் வடக்கிலும் வாழ்வோர் பலர்க்கு இன்றும் நேர்வதேயாம். அன்று அவ்விருசாராரிடையே வந்து நின்ற, இருமொழியும் அறிந்த அப்பெயரறியா மனிதரை வரலாறு மறந்துவிட்டது. அவர் வாய்திறந்த பின்னரே அச்சம் நீங்கிற்று.

தர்மபுரத்துச் சாலையோரத்தில் பயணப்பையோடு நிற்கும் இளைஞன் எந்த மொழியைத் தேர்ந்தாலும், அதனை அம்மனிதரைப்போல் கற்பானாயின் அவன் எங்கும் அந்நியனாகான். புறப்படும் ஊரின் மொழியையும் மறவாதிருப்பானாயின், மீளும் வழியும் அவனுக்குத் திறந்தேயிருக்கும்.